பசை பிடிக்காத மாதம்

பிரேமலா டீச்சர் கைப்பையிலிருந்து மடித்த டிஷ்யூ ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். பிரிக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று டாக்டர் கிருஷ்ணகுமாரிக்கும் தெரியும்.

“முறுக்கு இல்ல டாக்டர். சத்தியமா முறுக்கு இல்ல,” என்றார் டீச்சர். “ரொட்டி. அதுவும் கோப்பியில முக்குன ரொட்டி.”

பக்கத்தில் நின்ற உதவியாளர் புஷ்பவள்ளி சிரிப்பை அடக்கிக்கொண்டு டிஷ்யூவைப் பிரித்தார். அரிசி மணி அளவில், பல்லின் நிறத்தில், முழுசாக இருந்தது அடைப்பு. உடையவில்லை, தேயவில்லை. வைத்த குழியை விட்டு அச்சு மாதிரி அப்படியே கழன்று வந்திருந்தது. அதைத்தான் கிருஷ்ணகுமாரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். உடைந்திருந்தால் டீச்சர் எதையோ கடித்துவிட்டார் என்று சொல்லிவிடலாம். கழன்று வந்தால், அது ஒட்டவே இல்லை என்று பொருள். பல்லைக் குற்றம் சொல்ல முடியாது. ஒட்டியவரைத்தான் கேட்க வேண்டும்.

இந்தப் பல்லில் இது இரண்டாவது முறை வேறு.

“இப்போதைக்கு சிமெண்டு வச்சு அனுப்புறேன் டீச்சர். அடுத்த வாரம் வாங்க, சரியாப் பண்ணிடலாம்.”

“போன தடவையும் சரியாத்தான் பண்ணீங்க,” என்றார் டீச்சர். குத்தலாகச் சொல்லவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னார். அது குத்தலைவிட மோசமாக இருந்தது.

மலேசியாவின் தென்முனையில், கெலாங் பாத்தா கடைவீதியில், மேல்மாடியில் டியூஷன் வகுப்பும் கீழே பல் மருத்துவமும் நடக்கும் கடைவீட்டில் கிருஷ்ணகுமாரி தொழில் தொடங்கி இருபது ஆண்டுக்குமேல் ஆகிறது. புஷ்பவள்ளி முதல் நாளிலிருந்தே கூட இருப்பவர். வருகிறவர்களில் பாதிப் பேர் விடியுமுன் எழுந்து, இரண்டாவது பாலத்தைக் கடந்து, சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள். பல்வலிக்கு என்று விடுப்பு எடுக்க முடியாதவர்கள். ஒருமுறை அடைத்தால் அது நிற்கும் என்ற நம்பிக்கையில்தான் அவர்கள் இங்கே வருகிறார்கள்.

தீபாவளிக்கு முந்தின வாரத்தில் முதல் அடைப்பு கழன்று வந்தபோது யாரும் கவலைப்படவில்லை. முறுக்கு காலத்தில் பல் மருத்துவருக்கு வேலை கூடுவது வழக்கம்தான். “கல்லு மாதிரி சுட்டது யாரு, மாமியாரா?” என்று புஷ்பவள்ளி கேட்பார். வந்தவரும் சிரித்துக்கொண்டே வாயைத் திறப்பார். ஆனால் தீபாவளி முடிந்தது, முறுக்கு டின்கள் காலியாயின, நவம்பர் மழை பிடித்துக்கொண்டது. அடைப்புகள் விழுவது மட்டும் நிற்கவில்லை. தபால்காரர் ஒருவருக்கு விழுந்தது. தொழிற்சாலைப் பெண் ஒருத்திக்கு இட்லி சாப்பிடும்போது விழுந்தது. இட்லியைக் கேட்டதும் புஷ்பவள்ளியின் கேலியும் நின்றுபோனது.

கிருஷ்ணகுமாரிக்குத் தன் வலது கைமேல்தான் சந்தேகம். பல வருஷம் குனிந்து வேலை செய்ததில் மணிக்கட்டு நரம்பு நசுங்கி, விரல்கள் மரத்துப்போய், ஜூலையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். வேலைக்குத் திரும்புமுன், பிடுங்கிய பற்களை ஒரு ஜாடியில் சேர்த்துவைத்து அவற்றிலேயே குடைந்தும் அடைத்தும் பழகினார். கை பழையபடி வந்துவிட்டது என்று நம்பிய பிறகே நோயாளிகளைத் தொட்டார். இப்போதும் சில காலைகளில் ஆள்காட்டி விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். அது ஆறுகிற நரம்பா, கெடுகிற நரம்பா என்று அவருக்குத் தெரியவில்லை.

எனாமலில் பசை ஒட்டுவது பெரிய வித்தை இல்லை. அதற்கு உள்ளே இருக்கும் மஞ்சள் நிற டென்டின் வேறு ரகம். அது கண்ணுக்குத் தெரியாத குழாய்களும் ஈரமும் நிறைந்த, உயிருள்ள பொருள். அமிலக் களிம்பு தடவிக் கழுவியதும் அதில் மெல்லிய நார்கள் தலைதூக்கி நிற்கும். பசை அந்த நார்களுக்கிடையே இறங்கி இறுக வேண்டும். அதிகமாக உலர்த்தினால் நார்கள் படுத்துவிடும், பசை இறங்க இடம் இருக்காது. ஈரம் தேங்கினால் பசை நீர்த்துப்போகும். எச்சில் ஒரு சொட்டு பட்டாலும், ஈறிலிருந்து இரத்தம் கசிந்தாலும் கெட்டது. உலர்வுக்கும் ஈரத்துக்கும் நடுவில் ஒரு பக்குவம் இருக்கிறது. அந்தப் பக்குவம் தெரிந்த கை என்பதுதான் அவருடைய பெயர், அவருடைய தொழில், எல்லாமே.

அந்தக் கை கைவிட்டுவிட்டது என்று முடிவுக்கு வருமுன் மற்ற எல்லாவற்றையும் அவர் பார்த்துவிட்டார். பசைப் புட்டி பழையதோ என்று புதியது திறந்தார். ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு, அதாவது குளிரோடு, பயன்படுத்துகிறோமோ என்று காலையிலேயே வெளியே எடுத்துவைக்கச் சொன்னார். பசையை இறுக்கும் நீல விளக்கின் வலுவை அளந்து பார்த்தார், குறைவில்லை. எச்சில் படாமலிருக்கப் பல்லைச் சுற்றி ரப்பர் தாள் கட்டினார். மழைக்கால ஈரப்பதமோ என்று ஏர்கோனைக் கூட்டினார். புஷ்பவள்ளி சுவெட்டர் போட்டுக்கொண்டு வேலை செய்ததுதான் மிச்சம்.

வீட்டில் கணவர் பரமேஸ்வரன் மட்டும் விஷயம் அறிந்தவர். நில அளவை இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் அளந்து பேசுகிறவர்.

“கை நோகுதோ?” என்று கேட்டார் அன்றிரவு சாப்பாட்டின்போது, வீட்டில் பேசும் யாழ்ப்பாணத் தமிழில்.

“நோகேல்ல. வைக்கிறதுதான் நிக்கேல்ல.”

“அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லப் போறீர்?”

அந்தப் பிள்ளை என்றது ஷர்மினியை. ஜொகூர் பாருவில் ஒரு பெரிய மருத்துவமனையில் வேலை பார்க்கும் இளம் பல் மருத்துவர். அறுவை சிகிச்சை பற்றிக் கேள்விப்பட்டு, டாக்டர் ஓய்வெடுப்பதாக இருந்தால் இடத்தைத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். மரியாதையாகத்தான் கேட்டாள். வரும் சனிக்கிழமை பதில் சொல்வதாகக் கிருஷ்ணகுமாரி ஒப்புக்கொண்டிருந்தார்.

“ஓம் எண்டு சொல்லப் போறன்,” என்றார். “ஊரார்ட வாயில நான் பரிசோதனை செய்யேலாது.”

பரமேஸ்வரன் குழம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

வியாழக்கிழமை காலை அர்ச்சுனன் வந்தான். ஆயர் ஈத்தாமிலிருந்து பூச்சட்டிகளை ஏற்றிக்கொண்டு தெற்கே வரும் லாரிக்காரன். கதவு நிறைய இருப்பான். அக்டோபர் மத்தியில் அவனுக்குக் கீழ்க்கடைவாயில் ஒரு ஆழமான குழியை அடைத்திருந்தார். அவன் பெயரைக் கேட்டதுமே கிருஷ்ணகுமாரி முடிவுகட்டிவிட்டார். இதுவும் விழுந்துவிட்டது.

“எங்க, குடுங்க,” என்று கையை நீட்டினார்.

“என்னத்த டாக்டர்?”

“விழுந்தத.”

“எதுவும் விழலையே. இது மேல் பல்லு. புதுசா வலி.” நாற்காலியில் சாய்ந்தவன் உடனே எழுந்து உட்கார்ந்தான். “மொதல்லயே சொல்லிடறேன் டாக்டர், அந்தக் காத்து மட்டும் வேணாம். போன தடவ மாதிரியே பஞ்சுல தொடச்சிடுங்க.”

“இம்மாம் பெரிய லாரி ஓட்டுறீங்க, காத்துக்கு பயமா?” என்றார் புஷ்பவள்ளி.

“லாரி டயருக்குத்தான் காத்து வேணும்கா. எனக்கு எதுக்கு லா?”

கிருஷ்ணகுமாரி சிரிக்கவில்லை. அவன் கீழ்ப்பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூர்மையான முள்கருவியை எடுத்து அடைப்பின் ஓரமாக மெல்ல இழுத்தார். அடைப்பு எங்கே முடிகிறது, பல் எங்கே தொடங்குகிறது என்று முள்முனைக்குப் பிடிபடவில்லை. இன்னொரு முறை, இன்னும் அழுத்தி இழுத்தார். ஒரு மயிரிழை இடைவெளிகூட இல்லை.

“இதுல நல்லா கடிச்சு சாப்புடுறீங்களா?”

“கரும்பே கடிச்சேன் டாக்டர். ஏன், கடிக்கக் கூடாதா?”

அதே வாரம் வைத்த மற்ற அடைப்புகள் இட்லிக்கே கழன்றிருந்தன. இவனுக்கு வைத்ததும் அதே புட்டிப் பசைதான், அதே விளக்குதான். வைத்ததும் இதே கைதான். அவர் கருவியைத் தட்டில் வைத்தார். ஒன்றுதான் வேறு. கழுவிய பல்லின்மேல் எல்லோருக்கும் குழாயால் காற்று அடித்து ஈரத்தை ஓட்டுவார். இந்த ஆள் போட்ட கூச்சலில் அன்று பஞ்சால் ஒற்றி எடுத்தார். பசை தடவிய பிறகும் ஊதாமல் தூரிகை நுனியால் துடைத்துவிட்டார்.

“டாக்டர்?” என்றான் அர்ச்சுனன் சந்தேகமாக. “ரொம்ப மோசமா இருக்கா?”

“இல்ல. ரொம்ப நல்லா இருக்கு,” என்றார் அவர். “வாயத் திறங்க. பஞ்சுலயே பண்றேன்.”

மத்தியானம் முன்கதவைச் சாத்தியதும் பழகுவதற்கு வைத்திருந்த ஜாடியை எடுத்துவரச் சொன்னார். இரண்டு ஞானப்பற்களைத் தேர்ந்தெடுத்து, எனாமலைத் தேய்த்து, மஞ்சள் டென்டின் தெரியும்வரை மட்டப்படுத்தினார். இரண்டுக்கும் ஒரே அமிலம், ஒரே கழுவல். ஒன்றுக்குக் காற்று அடித்தார், மற்றதைப் பஞ்சால் ஒற்றினார். இரண்டின்மேலும் பசை தடவி, அடைப்புப் பொருளைச் சிறு குமிழாக வைத்து, விளக்கைக் காட்டி இறுக்கினார். பிறகு உளிபோன்ற கருவியைக் காற்று அடித்த பல்லின் குமிழில் பக்கவாட்டில் வைத்து அழுத்தினார்.

டிக் என்று தெறித்து மேசைக்கடியில் போய் விழுந்தது. அழுத்தினோமா என்றே அவருக்குத் தெரியவில்லை.

மற்றதில் வைத்து அழுத்தினார். அசையவில்லை. பல்லை ஈரத்துணியில் இறுக்கிப் பிடித்துக் கட்டைவிரல் வெளுக்கும்வரை அழுத்தினார். கருவி வழுக்கிப் போனதே தவிர குமிழ் நகரவில்லை. தற்செயலாக இருக்கலாம் என்று இன்னும் இரண்டு பற்களை எடுத்து மறுபடியும் செய்தார், இந்த முறை பஞ்சை முதலிலும் காற்றை அடுத்ததிலும். காற்று அடித்தது விழுந்தது. பஞ்சில் ஒற்றியது நின்றது.

கிருஷ்ணகுமாரி சுழல் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

“என் கை இல்ல புஷ்பா.”

புஷ்பவள்ளி மீகூன் நூடுல்ஸ் பொட்டலத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தார். “கை இருக்கே டாக்டர். அங்கதான இருக்கு.”

“இல்ல, என் கைமேல தப்பு இல்லன்னு சொல்றேன். இந்தக் காத்துதான்.” குரல் அவருக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. “அந்தக் கண்ணாடித் துண்டு ஒன்னு குடுங்க. நல்லா தொடச்சது.”

துடைத்த கண்ணாடிமேல் காற்றுக்குழாயைப் பிடித்துக் கொஞ்ச நேரம் அடித்தார். மூச்சு விட்டதுபோல் மங்கல் படர்ந்தது. மூச்சாக இருந்தால் மறைந்திருக்கும். இது மறையவில்லை. விரலால் தொட்டதும் வழுவழுவென்று இழுபட்டது. ஒரு டிஷ்யூவில் அடித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். வடை மடித்த தாள்போல் நடுவில் ஒளி ஊடுருவியது.

எண்ணெய். இவ்வளவு நாளும் டென்டினைப் பக்குவமாக உலர்த்துவதாக நினைத்துக்கொண்டு அதன்மேல் எண்ணெய் தெளித்துக்கொண்டிருந்திருக்கிறார். நார்களுக்கிடையே பசை இறங்குமுன் எண்ணெய் இறங்கிவிட்டது. பிறகு எந்தப் புட்டி, எந்த விளக்கு, எந்தக் கை என்ன செய்யும்?

காற்று இயந்திரம் பின்கட்டில், கழிவறைக்குப் பக்கத்து அலமாரிக்குள் இருந்தது. பழையது ஓய்ந்துபோய் இந்த ஆண்டுதான் புதிதாக வாங்கியது. கதவைத் திறந்து குனிந்தார். முகப்பில் சந்தனம் மூன்று பட்டையாக இழுத்து, நடுவில் குங்குமம் வைத்திருந்தது, காய்ந்து வெடித்திருந்தது. சந்தனத்துக்கு அடியில் மஞ்சள் நிற எச்சரிக்கை ஒட்டுத்தாள் ஒன்று அரைகுறையாகத் தெரிந்தது. நகத்தால் சுரண்டினார். இந்த இயந்திரத்தில் எண்ணெய் விடாதீர்கள் என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் சீனத்திலும் எழுதியிருந்தது.

“இதை யாராவது தொட்டாங்களா புஷ்பா?”

“யாரும் தொடல டாக்டர். நான்தான் ஆயுத பூஜைக்குத் தொடச்சு வச்சேன்.” சொல்லும்போதே அதில் ஒரு பெருமை இருந்தது. “பழைய மெஷினுக்கு வருசா வருசம் எண்ண ஊத்துவோமே, அதே மாதிரி இதுக்கும் ஊத்தலாம்னு பாத்தேன். எங்க தேடியும் எண்ண ஊத்துற எடமே இல்ல. பூஜ அன்னிக்கு ஒரு மெஷின மட்டும் காயப் போடலாமா, மனசு கேக்கல. அப்பறம் பாத்தா, இந்த மூடிக்குள்ள ஒரு ஸ்பஞ்சு, ஒரே தூசி. எங்க வீட்டுக்காரரு வேலு தன்னோட மோட்டார் சைக்கிள்ல இதே மாதிரி ஸ்பஞ்ச கழட்டிக் கழுவி, எண்ணயில நனைச்சுப் புழிஞ்சுதான் திருப்பி மாட்டுவாரு. அப்பதான் தூசி ஒட்டிக்கும், உள்ள போவாதாம். அதே மாதிரி பண்ணிட்டேன். தையல் மெஷின் எண்ணதான், சுத்தமானது.”

கிருஷ்ணகுமாரி மூடியைத் திருகி எடுத்தார். உள்ளே அந்த ஸ்பஞ்சு எண்ணெயில் ஊறித் தளதளவென்று இருந்தது. இயந்திரம் மூச்சு இழுப்பதே அதன் வழியாகத்தான். பழைய இயந்திரம் எண்ணெயில் ஓடியது, எண்ணெயைப் பிடித்துவைக்க அதற்குத் தனி ஏற்பாடு இருந்தது. வாய்க்குள் சுத்தமான காற்று போகவேண்டும் என்பதற்காகவே எண்ணெய் இல்லாமல் ஓடுகிற இதை வாங்கினார். அதற்குப் புஷ்பவள்ளி எண்ணெய்க் குளியல் நடத்தி, பொட்டும் வைத்திருக்கிறார்.

வயிற்றிலிருந்து கிளம்பியது சிரிப்பு. அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, நிறுத்த முடியாமல் சிரித்தார். புஷ்பவள்ளி பயந்துபோனார்.

“என்னா டாக்டர்? என்னா ஆச்சு?”

சொன்னார். கேட்கக் கேட்கப் புஷ்பவள்ளியின் முகம் சுருங்கியது. கவிழ்த்து வைத்திருந்த வாளியின்மேல் தொப்பென்று உட்கார்ந்தார்.

“அலமாக்! அப்ப பிரேமலா டீச்சர் பல்லு? அந்த போஸ்மேன் பல்லு? இட்லி தின்ன புள்ள? எல்லாம் நான்தானா?”

“நீங்க மட்டும் இல்ல. அன்னிக்கு கற்பூரம் காட்டினது நான். எல்லாம் பளபளன்னு இருக்கேன்னு சொல்லிட்டு சுண்டல சாப்புட்டுப் போனதும் நான். என்ன பண்ணீங்கன்னு ஒரு வார்த்த கேட்டேனா?”

“நீங்க வேற சிரிக்கிறீங்க. எத்தன பேரு பல்லு!” முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

“அழாதீங்க புஷ்பா. என் கை போச்சுன்னு நெனச்சு நான் எடத்தையே ஷர்மினிக்குக் குடுக்க இருந்தேன். நாளன்னிக்குப் பதில் சொல்லணும். நீங்க வாயத் திறந்து சொன்னதால தப்பிச்சேன்.”

முந்தானை பாதியில் நின்றது.

“என்னாது? எடத்தக் குடுக்க இருந்தீங்களா?”

கிருஷ்ணகுமாரி தலையாட்டினார்.

“யார் கிட்ட சொன்னீங்க?” புஷ்பவள்ளி வாளியிலிருந்து எழுந்துவிட்டார். “நல்லா இருக்கே ஞாயம்! எண்ண போட்டத நான் சொல்லல, சரி, தெரியாமப் பண்ணேன். நீங்க தெரிஞ்சே சொல்லல. இத்தினி வருசம் கூட நிக்கிறேன், வெள்ளிக்கெழம வரைக்கும் வேல வாங்கிட்டு சனிக்கெழம புது டாக்டர் வருவாங்கன்னு சொல்வீங்களா?”

“தப்புதான்,” என்றார் கிருஷ்ணகுமாரி.

“பெரிய தப்பு.”

“பெரிய தப்பு.”

“சரி, மீகூன் ஆறுது, வந்து சாப்புடுங்க,” என்று சொல்லிவிட்டுப் புஷ்பவள்ளி முன்னே நடந்தார். கோபம் முழுசாகப் போகவில்லை என்பது செருப்புச் சத்தத்திலேயே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை பழுதுபார்க்கும் ஆள் வந்து இயந்திரத்தைப் பிரித்தான். தொட்டியைக் கழுவி, குழாய்களை மாற்றி, புது ஸ்பஞ்சு பொருத்திவிட்டு, இந்த அழகான பொட்டு யார் வைத்தது என்று மலாயில் விசாரித்தான். புஷ்பவள்ளி அவசரமாக முன்னறைக்குப் போய்விட்டார். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் கிருஷ்ணகுமாரி கண்ணாடியில் காற்று அடித்துப் பார்த்தார். கண்ணாடி கண்ணாடியாகவே இருந்தது. ஜாடியிலிருந்த கடைசிப் பற்களிலும் செய்து பார்த்தார். ஒன்றைப் பிரிக்கக் குறடு எடுத்து முறுக்க வேண்டியதாயிற்று. பசை விட்டுக்கொடுக்கவில்லை, பல்தான் பிளந்தது. அந்தச் சத்தம் அவருக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது.

சனிக்கிழமை அவரே ஷர்மினியை அழைத்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். இடத்தை இப்போது விட்டுக்கொடுப்பதாக இல்லை என்றும் சொன்னார்.

“டாக்டர், நான் நெஜமாவே அந்த எடத்துக்கு ஆசப்பட்டேன்,” என்றாள் அவள். “பரவால்ல. ஆனா எங்க ஆஸ்பத்திரியிலயும் போய் ஒரு கண்ணாடியில அடிச்சுப் பாக்கப் போறேன். எங்க அட்டெண்டரும் பூஜையெல்லாம் நல்லாத்தான் பண்ணாங்க.”

கைப்பேசியை வைத்ததும் நிம்மதிக்கு நடுவில் ஒரு முள் உறுத்தியது. அடைப்பு விழுந்தவர்கள் வந்துவிட்டார்கள். விழாதவர்கள்? பூஜைக்குப் பிறகு அடைத்துக்கொண்டு, இன்னும் ஒன்றும் ஆகாமல் பாலத்தைத் தாண்டிப் போய்வந்துகொண்டிருப்பவர்கள்? அடைப்புக்கு அடியில் எண்ணெய் இருக்கும். இன்றில்லாவிட்டால் என்றாவது ஓரத்தில் கசிந்து, உள்ளே பல் சொத்தையாகும். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு மறுபடியும் செய்துகொடுக்க வேண்டும். கூப்பிடும் வேலையைப் புஷ்பவள்ளி தானே கேட்டு வாங்கிக்கொண்டார்.

“ஆமாங்க, விழல, தெரியும். விழுறதுக்கு முன்னாடி வாங்கன்னுதான் கூப்புடுறேன்,” என்று திங்கட்கிழமை காலை முன்னறையிலிருந்து அவர் குரல் வந்தது. “டாக்டர் மேல தப்பு ஒன்னும் இல்ல. எங்க மெஷின் காத்துல எண்ண கலந்துடுச்சி. எப்படி கலந்துச்சா? நான்தான் கலந்தேன். சிரிக்காதீங்க லா. எப்ப வர்றீங்க?”

உள்ளே பிரேமலா டீச்சர் வாயைத் திறந்தபடி சிரித்ததில் ரப்பர் தாள் அசைந்தது. கிருஷ்ணகுமாரி அதைச் சரிசெய்துவிட்டு, கழுவிய பல்லின்மேல் காற்றைச் சின்னதாக ஒருமுறை விட்டார். ஈரம் ஓடி, பளபளப்பு மட்டும் மிஞ்சியது. காயவும் இல்லை, தேங்கவும் இல்லை. விரல் நுனியில் அந்த எறும்பு ஊர்ந்தது. ஊரட்டும் என்று விட்டுவிட்டுத் தூரிகையை எடுத்தார்.

டீச்சர் போன பிறகு இரண்டு மணிவரை யாரும் வருவதாக இல்லை. கொஞ்சம் முதுகை நிமிர்த்தலாம் என்று நோயாளி நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். வாரக்கணக்கில் வராத தூக்கம். வாய் லேசாகத் திறந்திருந்தது.

மழைக்கோட்டோடு சீக்கிரமே வந்துவிட்ட தபால்காரர் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தார். “டாக்டர் இல்லையா?”

“இருக்காங்க,” என்று புஷ்பவள்ளி விளக்கை அணைத்துவிட்டு வந்து கதவை மெல்லச் சாத்தினார். “உள்ள ஒரு ஆளு நாற்காலியில இருக்காங்க. கொஞ்சம் நேரம் எடுக்கும். உக்காருங்க.”